பிஜி ரக்பியின் 2023: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஜி என்றதும் நம்மில் பலருக்குக் கரும்புத் தோட்டமும், கப்பலேறிப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் ரக்பியைத்தான் சொல்வார். ஏறத்தாழ 9 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவு நாடு 2023-இல் ரக்பியில் கண்ட வளர்ச்சியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், விளையாட்டை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்கள் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கு என் பதில்கள் இவை.

2023-இல் அப்படி என்னதான் நடந்தது?

மார்ச் மாதம் பிஜியின் ட்ருவா அணி, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளும் ஆடும் சூப்பர் ரக்பி தொடரின் நடப்புச் சாம்பியனான நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸை வீழ்த்தியது. மே மாதம் ட்ருவாவின் பெண்கள் அணி ஆஸ்திரேலியத் தொடரின் கோப்பையை இரண்டாவது ஆண்டாகத் தூக்கியது. ஜூனில் ஆண்கள் அணி முதன்முறையாகச் சூப்பர் ரக்பி காலிறுதிக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 26 அன்று லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் பிஜி தேசிய அணி இங்கிலாந்தை 30–22 என்று வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக அதுதான் பிஜியின் முதல் வெற்றி. மூன்று வாரம் கழித்து உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 69 ஆண்டுகளுக்குப் பிறகு வென்றது. அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதி வரை போனது.

இவையெல்லாம் ஒரே ஆண்டில் வந்தன. தற்செயலாக வரவில்லை. திறமைக்கு அந்த நாட்டில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. 2023-க்குச் சற்று முன்பு மாறியது ஒன்றே ஒன்று: ஒரு பிஜி இளைஞன் ஊரைவிட்டுப் போகாமலே முழுநேர ரக்பி வீரனாகச் சம்பளம் வாங்க முடிந்தது. கீழே வரும் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

எனக்கு ரக்பி சுத்தமாகத் தெரியாது. எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது; பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. எதிரணி தவறு செய்து பெனால்டி கிடைத்து, அதைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். ஸ்க்ரம் என்பது இரு பக்கமும் எட்டெட்டு பேர் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு தள்ளுவது. லைன்அவுட் என்பது வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது ஒருவரைத் தூக்கிப் பிடித்துப் பந்தைப் பறிப்பது. இவை இரண்டும் பலமாதப் பயிற்சியில்தான் கைகூடும். பிஜியின் பழைய பலவீனம் முழுக்க இங்கேதான் இருந்தது.

பிஜிக்கு ரக்பி எப்போது போனது?

ஆங்கிலேயர் ஆட்சியில். 1884 வாக்கில் விட்டி லெவு தீவின் பா பகுதியில் காவல் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களும் பிஜியச் சிப்பாய்களும் ஆடியதுதான் முதல் ஆட்டம் என்று சொல்வார்கள். 1913-இல் சங்கம் அமைந்தது.

ட்ருவா யார்?

பிஜியின் தொழில்முறை ரக்பி அணி. பசிபிக் கடலோடிகளின் இரட்டைப் படகின் பெயரைத் தாங்கியது. 2017-இல் ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தொடரில் ஆடுவதற்காகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, 2018-இல், லவுட்டோகா நகரின் சர்ச்சில் பார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் குயின்ஸ்லாந்து கன்ட்ரி அணியை 36–26 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்.

அப்புறம் 2022-இல் பெரிய கதவு திறந்தது. அப்போது நியூசிலாந்தின் 5 அணிகளும் ஆஸ்திரேலியாவின் 5 அணிகளும் ஆடிய சூப்பர் ரக்பி தொடரில் ட்ருவாவும், சமோவா, டோங்கா வம்சாவளி வீரர்களைக் கொண்ட மோனா பசிபிகாவும் சேர்க்கப்பட்டன. தென் அரைக்கோளத்தில் ஒரு ரக்பி வீரனுக்குத் தேசிய அணிக்கு அடுத்த உயர்ந்த மேடை அந்தத் தொடர்தான்.

இதற்கு முன் பிஜி அந்தத் தொடரைப் பார்க்காமல் இல்லை. 2016-இல் நியூசிலாந்தின் சீஃப்ஸும் க்ரூசேடர்ஸும் தலைநகர் சூவாவுக்கு வந்து மோதியபோது டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். மைதானம் அவர்களுடையது, பார்வையாளர்கள் அவர்கள், ஆடியது அடுத்த நாட்டு அணிகள். பல ஆண்டுகள் நிலைமை அப்படித்தான் இருந்தது.

பிஜி வீரர்கள் முன்பே உலகம் முழுக்க ஆடிக்கொண்டுதானே இருந்தார்கள்? சொந்த அணி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு கிராமத்துப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வாங்கக் காசு இல்லை என்பதால் காலி பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு புல்வெளியில் ஆடி வளர்கிறான். பள்ளிப் போட்டியில் பளிச்சென்று தெரிகிறான். பதினெட்டு, இருபது வயதில் யாரோ ஒரு முகவர் கண்ணில் படுகிறான். அதோடு பிரான்ஸுக்கோ நியூசிலாந்துக்கோ விமானம் ஏற வேண்டியதுதான். அங்கிருந்து அவன் அனுப்பும் பணத்தில் வீடு எழும்பும், தம்பி தங்கைகள் படிப்பார்கள், கிராமத்துத் தேவாலயத்துக்குக் கூரை மாறும். அந்தக் குடும்பத்திடம் போய் ‘ஏன் அனுப்பினீர்கள்’ என்று கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை.

ஆனால் நாட்டு ரக்பிக்கு அது என்ன செய்தது என்று பாருங்கள். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணிக்காக ட்ரைகளைக் குவித்த ஜோ ரோகோகோகோவும் சித்திவேனி சிவிவட்டுவும் பிஜியில் பிறந்தவர்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய டெவிட்டா குரிட்ரானி, மரிக்கா கொரொய்பெத்தே அப்படியே. பிரான்ஸின் கிளேர்மோன் கிளப், பிஜியின் நான்ட்ரோங்காவிலேயே ஒரு பயிற்சிக்கூடம் நடத்தியது. அந்த வழியில் போன நோவா நகைடசியும் அலிவெரேட்டி ராக்காவும் பிரான்ஸ் தேசிய அணிச் சட்டையே போட்டார்கள்.

வேறு நாட்டுக்கு ஆடாமல் பிஜிக்கே ஆட விரும்பியவர்கள் கதையும் சுலபமில்லை. அவர்களுக்குச் சோறு போடுவது ஐரோப்பிய கிளப். தேசிய அணிக்கு ஆட்களை விடவேண்டும் என்று விதி உண்டு. ஆனாலும் ‘நாட்டுக்கு ஆடப் போகாதவனுக்குத்தான் நல்ல ஒப்பந்தம்’ என்ற மறைமுக அழுத்தத்தைப் பசிபிக் வீரர்கள் பலர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். மீறி வந்தாலும், பெரிய ஆட்டத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்புதான் எல்லோரும் ஒரு இடத்தில் கூடுவார்கள். ஒருவன் லியோனிலிருந்து வருவான், இன்னொருவன் பிரிஸ்டலிலிருந்து. தனித்தனியாகப் பார்த்தால் உலகத் தரம். சேர்ந்து ஸ்க்ரம் தள்ளச் சொன்னால்? ஒருவர் மூச்சை இன்னொருவர் அறியாமல் ஸ்க்ரம் நிற்காது. அதனால்தான் 60 நிமிடம் எதிரணியைக் கலங்கடித்துவிட்டுக் கடைசி 20 நிமிடத்தில் பிஜி உடைந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

ட்ருவா வந்ததும் நிலைமை மாறியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டு முழுக்க ஒன்றாகப் பயிற்சி செய்கிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், வாரா வாரம் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளோடு மோதுகிறார்கள். அந்த அனுபவம் அப்படியே தேசிய அணிக்குள் இறங்குகிறது. 2023 உலகக் கோப்பைக்குப் போன 33 பேரில் ஏறத்தாழ பாதி பேர் ட்ருவாக்காரர்கள்.

முதல் ஆண்டு எப்படிப் போனது?

கடினமாக. 2022-இல் கொரோனா கட்டுப்பாடுகளால் சொந்த நாட்டில் தங்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் லெனாக்ஸ் ஹெட் என்ற கடற்கரை ஊரில் முகாம் போட்டு ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் வாரட்டாஸிடம் 10–40 என்று தோல்வி. மார்ச் தொடக்கத்தில் மெல்போர்ன் ரெபெல்ஸை 31–26 என்று வென்றது முதல் வெற்றி.

ஏப்ரல் கடைசியில் ஒருவழியாகச் சூவாவில் சொந்த மக்கள் முன்னால் ஆடினார்கள். ஹைலேண்டர்ஸிடம் 24–27. மே மாதம் லவுட்டோகாவில் சீஃப்ஸிடம் 34–35. இரண்டும் தோல்விதான், ஆனால் வித்தியாசம் மூன்று, ஒன்று. பருவ முடிவில் இரண்டே வெற்றிகளோடு 12 அணிகளில் 11-ஆம் இடம். பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் ‘இவர்களுக்கு இந்த மேடை சரிப்படாது’ என்று எழுதினார்கள். ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு வேறு விஷயம் தெரிந்தது.

அந்த க்ரூசேடர்ஸ் ஆட்டத்தைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

க்ரூசேடர்ஸ் யார் என்று முதலில் தெரிய வேண்டும். 2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு வடிவில் சூப்பர் ரக்பிப் பட்டத்தை எடுத்துக்கொண்டே வந்த அணி. 2023-இலும் அவர்கள்தான் எடுத்தார்கள். உலக அளவில் கிளப் ரக்பியின் உச்சம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2023 மார்ச் 11, சனிக்கிழமை, லவுட்டோகா. சர்க்கரை ஆலை நகரம் அது. ஈரப்பதமும் வெயிலும் சேர்ந்து ஆளை அழுத்தும் ஊர். ஆட்டம் முடியப்போகும் நேரம் க்ரூசேடர்ஸ் 24, ட்ருவா 22. பெரிய அணிகள் இந்த இடத்தில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடிகாரத்தை ஓட்டிவிடும். பழைய பிஜி அணியாக இருந்தால் பொறுமை இழந்து, எங்கிருந்தோ ஒரு சாகசப் பாஸ் போட்டு, பந்தைத் தொலைத்திருக்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. மோதி, நிலத்தைப் பிடித்து, மறுபடி மோதி, எதிரணியைத் தவறு செய்யவைத்தார்கள். பெனால்டி. கெமு வலேட்டினி பந்தை வைத்தார். மைதானம் முழுக்க அசைவில்லாமல் நின்றது. உதைத்தார், உள்ளே போனது. 25–24.

எனக்கு அந்த உதையைவிட அதற்கு முந்தைய சில நிமிடங்கள்தான் முக்கியம். ஒரு ட்ரையை நினைத்த நேரத்தில் மாயமாக உருவாக்க பிஜிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் பதறாமல் ஆடுவதுதான் அவர்களுக்குப் புதுசு. அதை ஒரு ஆண்டு தோல்வியும் தினசரிப் பயிற்சியும் கொடுத்திருந்தன. பயிற்சியாளர் மிக் பைர்ன் ஆஸ்திரேலியர். முன்பு ஆல் பிளாக்ஸுக்குத் திறன் பயிற்சி கொடுத்தவர். பந்தைக் கைமாற்றும் பிஜியின் இயல்பை அவர் வெட்டி எறியவில்லை, அதற்கு அடியில் ஒரு தரையைப் போட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பருவம் எப்படி முடிந்தது?

மே மாதம் சூவாவில் ஹரிகேன்ஸை 27–24 என்று வென்றார்கள். காலிறுதிக்கு வென்றே ஆகவேண்டிய கடைசி ஆட்டத்தில் குயின்ஸ்லாந்து ரெட்ஸை 41–17 என்று நொறுக்கினார்கள். 6 வெற்றிகளோடு 7-ஆம் இடம். காலிறுதி கிறைஸ்ட்சர்ச்சில், மார்ச் மாதக் கணக்கை க்ரூசேடர்ஸ் 49–8 என்று வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டது.

சொந்த மைதானத்தில் புலி, வெளியூரில் எலி என்கிறார்களே?

பாதி உண்மை. ட்ருவாவின் வெற்றிகளில் பெரும்பாலானவை லவுட்டோகாவிலும் சூவாவிலும் வந்தவைதான். வெயில் ஒரு காரணம். கூட்டம் இன்னொரு காரணம்: டிக்கெட் கிடைக்காதவர்கள் வேலியோரம், மரக்கிளை என்று இடம் பிடித்துவிடுவார்கள். மற்ற அணிகளுக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை வரும் சோதனை.

ஆனால் இன்னொரு பக்கத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகளுக்குப் பக்கத்து ஊர் ஆட்டங்கள் நிறைய உண்டு. ட்ருவாவுக்குப் பக்கத்து ஊரே கிடையாது. ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும் கடல் கடந்த பயணம். பெர்த்தில் ஆட வேண்டுமென்றால் பசிபிக்கின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் மறுகோடி வரை போக வேண்டும். வெளியூர்த் தோல்விகளை இதை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அதற்காகத் தோல்வி வெற்றி ஆகிவிடாது. வெளியே வெல்லக் கற்பதுதான் அந்த அணியின் அடுத்த வேலை.

பெண்கள் அணியைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை?

பேச வேண்டும். பெரிய கதவு திறந்தபின் ட்ருவாவுக்குக் கோப்பை கொண்டுவந்தது அவர்கள்தான். ஃபிஜியானா ட்ருவா 2022-இல் ஆஸ்திரேலியாவின் சூப்பர் டபிள்யூ தொடரில் அறிமுகமான ஆண்டே ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், இறுதியில் நியூ சவுத் வேல்ஸ் வாரட்டாஸை 32–26 என்று வென்றது. 2023-இல் டவுன்ஸ்வில் நகரில் குயின்ஸ்லாந்து ரெட்ஸை 38–30 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. இடையில் 2022 உலகக் கோப்பையில் தேசிய அணி தென்னாப்பிரிக்காவை 21–17 என்று வீழ்த்தியது. அதற்கும் முன்பு, டோக்கியோ ஒலிம்பிக்கில் செவன்ஸ் (பக்கத்துக்கு 7 பேர் ஆடும் குறுகிய ரக்பி) பெண்கள் அணி வெண்கலம் வாங்கியிருந்தது.

பிஜி கிராமங்களில் ரக்பி நீண்ட காலம் ஆண்பிள்ளை விளையாட்டாகவே பார்க்கப்பட்டது. பெண் பிள்ளைகள் ஆடப் போனால் வீட்டில் எதிர்ப்பு, ஊரில் பேச்சு. அதையெல்லாம் தாண்டி வந்தவர்கள், ஆண்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு வசதியோடு, இரண்டு கோப்பை கொண்டுவந்தார்கள். 2023-இன் கதையை ஆண்கள் அணியை மட்டும் வைத்துச் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஒலிம்பிக் தங்கமே வாங்கியவர்கள் ஆயிற்றே. காலிறுதிக்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்?

அந்தத் தங்கம் செவன்ஸில். பக்கத்துக்கு 7 பேர், 14 நிமிட ஆட்டம். 2016 ரியோவில் பிரிட்டனை 43–7 என்று வென்றது பிஜியின் முதல் ஒலிம்பிக் பதக்கமே. அதைக் கொண்டாட நாடு 7 டாலர் நோட்டு ஒன்றையே அச்சடித்தது. டோக்கியோவிலும் தங்கம், பாரிஸில் வெள்ளி.

செவன்ஸுக்கும் பதினைந்து பேர் ஆட்டத்துக்கும் உள்ள தூரம் டி20-க்கும் டெஸ்டுக்கும் உள்ள தூரம் மாதிரி. செவன்ஸில் திறந்த வெளி, வேகம், கைத்திறன் போதும். பதினைந்து பேர் ஆட்டத்துக்குப் பணம், மருத்துவக் குழு, உடற்பயிற்சி வசதி, ஆண்டுக்கணக்கான கூட்டுப் பயிற்சி எல்லாம் வேண்டும். பணக்கார நாடுகள் முன்னால் நிற்பது அதனால்தான். அங்கே பிஜி எட்டிப்பிடித்த ஒவ்வொரு படியும் அதனால்தான் பெரிது.

உலகக் கோப்பையில் ஆட்டம் ஆட்டமாக என்ன நடந்தது?

ட்விக்கன்ஹாம் வெற்றியோடு தரவரிசையில் இங்கிலாந்தைத் தாண்டி 7-ஆம் இடத்துக்கு ஏறிப் பிரான்ஸுக்குப் போனார்கள். பயிற்சியாளர் சைமன் ரைவலுயி அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பொறுப்பேற்றிருந்தார். முதல் ஆட்டத்துக்கு முன்பே அடி: இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டத்தை நடத்திய ட்ருவா வீரர் கேலப் மன்ட்ஸ் பயிற்சியில் முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டு வெளியேறினார். வேல்ஸிடம் 26–32. கடைசி நொடியில் செமி ராட்ராட்ராவின் கைக்கு வந்த பந்து நழுவியது. பிடித்திருந்தால் முடிவே வேறு.

செப்டம்பர் 17, சென்ட் எட்டியென். ஆஸ்திரேலியாவை 22–15. ட்ருவாவின் சிமியோனே குருவோலி மட்டும் உதைகளால் 14 புள்ளி எடுத்தார். பிஜி ஓடித்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது வேறு மாதிரி வெற்றி: தரையில் விழுந்த பந்துக்கான சண்டையில் ஆஸ்திரேலியாவை மீண்டும் மீண்டும் தவறு செய்யவைத்து, பெனால்டிகளைப் புள்ளியாக்கி வென்றார்கள். லெவானி போட்டியா அந்தச் சண்டையில் எப்படி உழைத்தார் என்பதை மட்டும் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். முன்பு சிறைக் காவலராக இருந்தவர் அவர்.

அப்புறம் ஜார்ஜியாவை 17–12. கடைசி லீக் ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் 23–24 என்று சறுக்கினார்கள். உலகக் கோப்பையில் போர்ச்சுகலின் முதல் வெற்றி அது, அவர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். குறைந்த வித்தியாசத் தோல்விக்குக் கிடைத்த ஒரு புள்ளி பிஜியைக் காப்பாற்றியது. ஆஸ்திரேலியாவும் பிஜியும் 11 புள்ளியில் சமம். நேருக்கு நேர் வென்றது பிஜி என்பதால் அவர்கள் உள்ளே. ஆஸ்திரேலியா வரலாற்றிலேயே முதல் முறையாக லீக் சுற்றோடு ஊர் திரும்பியது.

மார்சேயில் காலிறுதி. இங்கிலாந்து 24–10 என்று முன்னால் போய்விட்டது. பெனி ரவாய் ஒரு ட்ரை, வில்லிமோனி போட்டிட்டு ஒரு ட்ரை, 24–24. அந்தச் சில நிமிடங்களில் பிஜி அரையிறுதிக்கே போய்விடும் என்றுதான் தோன்றியது. இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெல் ஒரு டிராப் கோலும் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டிக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) ஒரு பெனால்டியும் உதைத்து 30–24 என்று முடித்தார். இதற்கு முன் 1987-இலும் 2007-இலும் பிஜி காலிறுதி பார்த்திருக்கிறது. ஆனால் இந்த அணி ‘அதிர்ஷ்டத்தில் வந்தவர்கள்’ என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஆடிவிட்டுப் போனது.

ஊர் அளவில் ரக்பி எப்படி நடக்கிறது?

பள்ளிகள்தான் அடிவேர். டீன்ஸ் கோப்பை என்று மேல்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி ஒன்று உண்டு. குயின் விக்டோரியா பள்ளி, ராட்டு கடவுலெவு பள்ளி, மாரிஸ்ட் போன்ற பெயர்கள் அங்கே பரம்பரைக் கொடிகள் மாதிரி. அப்பாவும் தாத்தாவும் படித்த பள்ளி இறுதிக்கு வந்தால் குடும்பமே சூவாவுக்குக் கிளம்பிவிடும்.

அதற்கு மேலே மாகாண அணிகள்: சூவா, நான்ட்ரோங்கா, நாண்டி, நைட்டாசிரி, நமோசி. ஸ்கிப்பர் கோப்பைக்காக மோதுவார்கள். ஃபேர்பிரதர் கோப்பை என்று இன்னொன்று இருக்கிறது. வைத்திருப்பவரைச் சவால் விட்டு வென்று எடுக்க வேண்டிய பழைய கோப்பை அது. நான்ட்ரோங்காவின் சிங்காடோக்காவில் கடலோரம் மலைபோல் மணல்மேடுகள் இருக்கின்றன. அந்த மணலில் மேலும் கீழும் ஓடித்தான் செவன்ஸ் வீரர்கள் கால்களை உரமேற்றுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக நின்று கைகோத்துப் பாடி ஜெபிப்பார்கள், தோற்றாலும்கூட.

ட்ருவாவால் இந்த அடுக்கில் நடந்த மாற்றம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆழமானது. முன்பு டீன்ஸ் கோப்பையில் கலக்கும் பையனுக்கு அடுத்த கனவு ஒரு விமான டிக்கெட். இப்போது அவன் பயிற்சி முகாமைப் பார்க்க நாண்டிக்குப் பஸ் ஏறினால் போதும்.

பிஜியில் வாழும் தமிழ் வம்சாவளியினர் ரக்பி ஆடுகிறார்களா?

1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னிந்தியர்கள் போனார்கள். கவுண்டர், பிள்ளை, நாயுடு, ரெட்டி என்ற பெயர்கள் இன்றும் அங்கே உண்டு. பேச்சுமொழியாகத் தமிழ் பெரும்பாலும் தேய்ந்து, பிஜி இந்தி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. நாண்டியில் சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. 1926-இல் அதே ஊரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நடத்தும் பள்ளிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

விளையாட்டு மட்டும் நெடுங்காலம் இனவாரியாகவே பிரிந்து கிடந்தது. ரக்பி பூர்வகுடிகளுடையது, கால்பந்து இந்தியர்களுடையது; 1938-இல் தொடங்கிய கால்பந்துச் சங்கமே முதலில் இந்தியர்களின் சங்கமாகத்தான் இருந்தது. 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகளின் காயமும் சேர்ந்துகொண்டது. உயர்மட்ட ரக்பி அணிகளில் இந்திய வம்சாவளிப் பெயர்கள் இன்றும் மிகமிக அரிது. பார்வையாளர் மாடத்தில் அந்தக் கோடு இல்லை. லவுட்டோகா, நாண்டி, பா எல்லாம் கரும்பு வட்டாரம், இந்திய வம்சாவளியினர் நிறைந்து வாழும் பகுதி. ட்ருவா தன் வீடாக எடுத்துக்கொண்டதும் அதே மேற்குப் பகுதியைத்தான். வானநீலக் கொடியைப் பிடித்துக்கொண்டு கத்துபவர்களில் இரு தரப்பும் உண்டு. ஆடுகளத்துக்குள்ளும் அந்தக் கலப்பு வர வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

எல்லாமே நன்றாகத்தான் போனதா?

இல்லை. அதே 2023-இல் பிஜி ரக்பிச் சங்கம் பண நெருக்கடியில் திணறி, பழைய நிர்வாகம் போய் இடைக்கால நிர்வாகம் வந்தது. மைதானத்தில் வரலாறு நடக்கும்போது அலுவலகத்தில் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. ட்ருவாவின் செலவிலும் உலக ரக்பி அமைப்பின் நிதி, விளம்பரதாரர் பணம் இவற்றின் பங்கு பெரிது. டிக்கெட் விற்று மட்டும் ஒரு சூப்பர் ரக்பி அணியை 9 லட்சம் பேர் கொண்ட நாட்டால் நடத்த முடியாது. ஐரோப்பாவின் சம்பளத்தோடும் போட்டிபோட முடியாது. ஒருவர் ஒளிர்ந்தால் பிரெஞ்சு கிளப்பின் அழைப்பு வரத்தான் செய்யும். ஆனால் பதினெட்டில் போவதற்கும், சொந்த நாட்டுக்குச் சில பருவம் ஆடி, பெயரும் பேரம்பேசும் பலமும் வந்தபிறகு இருபத்தைந்தில் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அந்த வேகம் நீடித்ததா?

2024-இல் ட்ருவா மறுபடியும் காலிறுதிக்குப் போய் ப்ளூஸிடம் தோற்றது. ரைவலுயி விலகியபின் மிக் பைர்னே தேசியப் பயிற்சியாளர் ஆனார். ட்ருவாவில் பார்த்துப் பழகிய பையன்களையே அவர் பிஜிச் சட்டையிலும் பார்த்தார். அந்த ஆண்டு பசிபிக் நாடுகள் கோப்பை இறுதியில் ஜப்பானை ஒசாகாவில் 41–17, நவம்பரில் வேல்ஸைக் கார்டிஃபிலேயே 24–19 என்று வென்றார்கள்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறேன். எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

பலர் ட்விக்கன்ஹாம் ஆட்டத்தைச் சொல்வார்கள். என் பரிந்துரை 2023 மார்ச் 11, லவுட்டோகா. சுருக்கக் காட்சிகளைப் பார்க்காதீர்கள், முழு ஆட்டத்தையும் பாருங்கள். அதை முடித்த பிறகு 2023 சூப்பர் டபிள்யூ இறுதி. அதற்கும் அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தைப் போட்டு, ஸ்க்ரம்மில் நிற்கும் முன்வரிசை ஆட்களை மட்டும் கவனியுங்கள். புதிய சூப்பர் ரக்பி பருவம் பிப்ரவரியில் தொடங்கும். ட்ருவா சொந்த ஊரில் ஆடும் நாட்களைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மதிய ஆட்டமாக இருந்தால் நம்மூரில் அப்போது காலை நேரமாக இருக்கும்.